சூப்பர்மேனின் முதலாளிகள்

2016 மார்ச் 25 அன்று ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ வெளியானது. முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் மட்டும் 16.6 கோடி டாலர் வசூல். அடுத்த வார இறுதியில் அதில் ஏறக்குறைய எழுபது சதவீதம் சரிந்துவிட்டது. விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இருட்டு அதிகம், சிரிப்பு இல்லை, சூப்பர்மேன் முகத்தில் எந்நேரமும் துக்கம் என்பவை பொதுவான புகார்கள். வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டிய நேரம் அது. யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. அதே கதையின் தொடர்ச்சியான ‘ஜஸ்டிஸ் லீக்’ படப்பிடிப்பு ஏப்ரல் 11 அன்று லண்டனுக்கு அருகில் லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் தொடங்கியாக வேண்டும். அரங்குகள் எழும்பிவிட்டன, நடிகர்களின் கால்ஷீட் வாங்கியாகிவிட்டது, இயக்குநர் அதே ஸாக் ஸ்னைடர். இரண்டு தேதிகளுக்கும் இடையே பதினேழு நாள்தான்.

உலகத்தில் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த இரண்டு நாயகர்களைக் கையில் வைத்திருந்த ஸ்டுடியோ, அவர்களை எந்தப் பக்கம் கூட்டிப்போவது என்று தெரியாமல் பத்து வருடம் தடுமாறியது ஏன்? இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. ஸ்னைடரின் இருண்ட பார்வை ரசிகர்களுக்கு ஒத்துவரவில்லை என்பது ஒன்று. போட்டி நிறுவனமான மார்வெலுக்குக் கெவின் ஃபைகி என்று ஒரு தலை இருந்தது, சூப்பர்மேனும் பேட்மேனும் பிறந்த காமிக்ஸ் வீடான டிசிக்கு அப்படி யாரும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் நடந்ததைத் தேதிவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. திசை இல்லாமல் இருந்த காலத்தில் டிசி படங்கள் நன்றாகவே ஓடின. பாதி எடுத்த படத்தின் நடுவே திசையைத் திருப்பிய போதெல்லாம் கவிழ்ந்தன. அப்படித் திருப்பியவர்கள் பெரும்பாலும் சினிமாவை மனத்தில் வைத்துத் திருப்பவில்லை. பங்குச் சந்தையையும் கடன் கணக்கையும் பார்த்துத் திருப்பினார்கள்.

தடுமாற்றம் அங்கே பழைய வியாதிதான். 1978இன் ‘சூப்பர்மேன்’ படத்தோடு சேர்த்தே இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்ட ரிச்சர்ட் டோனரைத் தயாரிப்பாளர்கள் நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். டோனர் எடுத்த வடிவம் 2006இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தொண்ணூறுகளில் டிம் பர்ட்டன் இயக்கத்தில் நிக்கோலஸ் கேஜ் சூப்பர்மேனாக நடிப்பதாக இருந்தது. உடை அணிந்து ஒத்திகை வரைக்கும் போய், 1998இல் கைவிடப்பட்டது. அந்தப் படத்தில் சூப்பர்மேன் ஒரு ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜான் பீட்டர்ஸ் ஒற்றைக்காலில் நின்றார் என்று திரைக்கதை எழுதிய கெவின் ஸ்மித் மேடைதோறும் சொல்லிச் சிரிக்கவைத்தார். இருபத்தைந்து வருடம் கழித்து ‘தி ஃபிளாஷ்’ படத்தில் கணினியில் உருவாக்கிய கேஜ் சில நொடிகள் அந்தச் சிலந்தியோடு மோதுகிறார். எடுக்காத படத்தின் நினைவுச் சின்னத்தைக்கூட வீணாக்காத ஸ்டுடியோ அது. ஜார்ஜ் மில்லர் ஆஸ்திரேலியாவில் நடிகர்களைத் தேர்ந்தெடுத்துத் தயாராக வைத்திருந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ 2008இல் நின்றுபோனதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

ஆனால் அந்தக் காலத்துத் தடுமாற்றம் ஒரு படத்தோடு முடிந்துபோகும். ஒரு சூப்பர்மேன் தோற்றால் ஒரு சூப்பர்மேன்தான் தோற்றான். 2012 மே மாதம் மார்வெலின் ‘தி அவெஞ்சர்ஸ்’ வந்து 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் கணக்கு மாறிவிட்டது. தனித்தனிப் படங்களைக் கோத்து ஒரே உலகமாக்கினால் ஒவ்வொரு படமும் அடுத்த படத்துக்கு விளம்பரம். வார்னரிடம் அப்போது இருந்தது கிறிஸ்டோஃபர் நோலனின் பேட்மேன் வரிசை. அதில் வேறு நாயகர்களுக்கு இடமில்லை. அதே வருடம் ஜூலையில் மூன்றாவது படத்தோடு நோலன் கதையை முடித்துக் கதவைப் பூட்டிவிட்டார். அவரே கதையிலும் தயாரிப்பிலும் பங்கேற்க, ஸ்னைடர் இயக்கிய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 2013 ஜூனில் வெளியாகி 67 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. தோல்வி என்று சொல்ல முடியாது. கொண்டாடும்படியும் இல்லை. அடுத்த மாதமே ஸான் டியேகோ காமிக்-கானில் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. சூப்பர்மேனுக்கு இன்னொரு தனிப்படம் எடுத்து அவனை ரசிகர்களோடு பழகவிட்டிருக்கலாமே என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய ஆண்டு 2014. அந்த ஜூலையில் ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நிறுவனம் வார்னரின் தாய் நிறுவனமான டைம் வார்னரை 8,000 கோடி டாலருக்கு விலைபேசியது வெளியே தெரிந்தது. டைம் வார்னர் மறுத்தது. ஆகஸ்டில் மர்டாக் பின்வாங்கினார். மறுத்தவர்கள் பங்குதாரர்களிடம் காரணம் சொல்லியாக வேண்டும்: தனியாக நின்றாலே இதைவிட அதிக மதிப்பு எங்களுக்கு உண்டு என்று. அக்டோபர் மாதம் நடந்த முதலீட்டாளர் கூட்டத்தில் வார்னர் தலைவர் கெவின் சுஜிஹாரா 2020 வரைக்குமான பத்து டிசி படங்களின் பட்டியலை வாசித்தார். ‘வொண்டர் உமன்’, ‘அக்வாமேன்’, ‘தி ஃபிளாஷ்’, ‘ஷஸாம்’, ‘சைபார்க்’, ‘கிரீன் லான்டர்ன்’, ‘ஜஸ்டிஸ் லீக்’ இரண்டு பாகம் என்று நீண்டது அது. பெரும்பாலானவற்றுக்கு ஸ்கிரிப்ட் இல்லை. பலவற்றுக்கு இயக்குநர்கூட முடிவாகவில்லை. வெளியாகும் வருடம் மட்டும் இருந்தது. ரசிகர்கள் அதை ஒரு கனவுப் பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள். அது முதலில் பங்குதாரர்களுக்குத் தரப்பட்ட உறுதிமொழி என்பதை மறந்துவிட்டால், பின்னால் நடந்த எதுவும் புரியாது.

தேதியை முதலில் குறித்துவிட்டுப் படத்தைப் பிறகு தேடுவது ஹாலிவுட்டில் இப்போது சாதாரணம். பொம்மை வியாபாரம், திரையரங்க ஒப்பந்தம், காலாண்டுக் கணக்கு எல்லாம் அந்தத் தேதியில் தொங்குகின்றன. ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்துக்கு முதலில் குறித்தது 2015 ஜூலை. பிறகு 2016 மே 6. அதே நாளில் மார்வெல் தன் கேப்டன் அமெரிக்கா படத்தை வைத்துக்கொண்டு நகர மறுத்ததும், வார்னர் மார்ச்சுக்கு ஒதுங்கியது. யார் முதலில் கண் சிமிட்டுகிறார்கள் என்ற விளையாட்டில் தோற்றது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. இவ்வளவு பெரிய படம் திட்டமிடலில் தொடங்கித் திரைக்கு வர மூன்று வருடம் பிடிக்கும். வரிசையாகத் தேதி குறித்துவிட்டால், ஒரு படம் வெளியாகி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்போது அடுத்தது எடுத்தே முடிந்திருக்கும், அதற்கடுத்தது படப்பிடிப்பில் இருக்கும். அதனால் ஒரு படத்தின் தவறுக்கான திருத்தம் எப்போதும் வேறொரு படத்தின் தலையில் விழும்.

அப்படி முதலில் விழுந்த தலை டேவிட் ஏயரின் ‘சூயிசைட் ஸ்குவாட்’. ஏயர் எடுத்தது சிறைக் கைதிகளைப் பற்றிய கடுமையான படம். 2016 ஜனவரியில் குவீன் குழுவின் பாட்டோடு வந்த ட்ரெய்லர் குதூகலமாக இருந்தது, பரபரப்பாகப் பரவியது. மார்ச்சில் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ அடி வாங்கியதும், மக்கள் கேட்பது அந்த ட்ரெய்லரைத்தான் என்று ஸ்டுடியோ முடிவு செய்தது. ட்ரெய்லர் வெட்டிய நிறுவனத்தையே கூப்பிட்டு இன்னொரு வடிவத்தை எடிட் செய்யச் சொன்னார்கள். மே மாதம் இரண்டு வடிவங்களையும் சோதனைக் காட்சியில் போட்டுப் பார்த்தார்கள் என்று ஹாலிவுட் ரிப்போர்ட்டர் இதழ் எழுதியது. திரைக்கு வந்தது இரண்டின் கலவை. முதல் இருபது நிமிடத்தைப் பாருங்கள்: ஆளுக்கொரு அறிமுகம், அறிமுகத்துக்கொரு பாட்டு, சிலருக்கு இரண்டு தடவை அறிமுகம். படம் இன்னும் தொடங்கவில்லையோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஆனால் வசூல் 74 கோடி டாலர். இது ஸ்டுடியோவுக்கு நேர்ந்த பெரிய கெடுதல் என்று நினைக்கிறேன். படுதோல்வி என்றால் பாடம் கிடைத்திருக்கும்.

‘ஜஸ்டிஸ் லீக்’ கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். ஆனாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. படப்பிடிப்பு தொடங்கி இரண்டு மாத அளவில், பத்திரிகையாளர்களை லீவ்ஸ்டனுக்கு வரவழைத்து, இந்தப் படம் கலகலப்பாக இருக்கும் என்று காட்டினார்கள். இரண்டு பாகம் ஒரு பாகமாகச் சுருங்கியது. ஜெஃப் ஜான்ஸும் ஜான் பெர்கும் டிசி படங்களின் பொறுப்புக்கு வந்திருந்தார்கள். 2017 மே மாதம், மகளின் மரணத்துக்குப் பிறகு, ஸ்னைடர் விலகினார். ‘அவெஞ்சர்ஸ்’ இயக்கிய ஜாஸ் வீடன் வந்தார். எதிரி முகாமின் தளபதியைக் கூட்டிவந்தால் எதிரியின் வெற்றியும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கை. பேட்ச் வொர்க் என்று தொடங்கியது படத்தில் பெரும்பகுதியை மறுபடி எடுப்பதாக வளர்ந்தது. இசையமைப்பாளரும் மாறினார். படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. தாண்டவில்லை; சரியாக 120 நிமிடம். வெளியீட்டுத் தேதியான நவம்பர் 17ஐயும் அசைக்கவில்லை. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் டைம் வார்னரை வாங்கப்போகிறது என்று 2016 அக்டோபரிலேயே அறிவித்தாகிவிட்டது; அந்த இணைப்பு நடந்துகொண்டிருக்கும்போது தேதி தள்ளிப்போவதை நிர்வாகம் விரும்பவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கவில் அப்போது பாரமவுண்டின் ‘மிஷன் இம்பாஸிபிள்’ படத்துக்காக மீசை வைத்திருந்தார். மழிக்க பாரமவுண்ட் ஒப்பவில்லை. மீசையோடு நடிக்கவைத்துக் கணினியில் அதை அழித்தார்கள். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் முதல் காட்சியே அதுதான்: ஒரு சிறுவன் செல்போனில் சூப்பர்மேனைப் படம்பிடித்துக்கொண்டு, பூமியில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்கிறான். சூப்பர்மேன் யோசிக்கிறான், மெல்லச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் மேலுதடு மாவு பிசைந்து ஒட்டியது போல நகராமல் நிற்கிறது. வருடக்கணக்கில் மக்கள் கேட்ட சிரிக்கும் சூப்பர்மேன் கடைசியில் வந்தபோது அவனால் சிரிக்க முடியவில்லை. சுமார் 30 கோடி டாலர் செலவழித்த படம் 66 கோடி டாலர் அளவில் நின்றது. திரையரங்குகள் எடுத்துக்கொள்ளும் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால் நஷ்டம்.

‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்துக்கும் இதற்கு முன்னால் இப்படி ஒரு கதை உண்டு. திரையரங்கில் ஓடியது 151 நிமிடம். சில மாதம் கழித்து டிஸ்க்கில் விற்றது 182 நிமிடம். வெட்டிய முப்பது நிமிடத்தில்தான் சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற நிருபராகப் போய் பேட்மேனைப் பற்றி விசாரிக்கும் காட்சிகள் இருந்தன. அதாவது சண்டைக்கு சூப்பர்மேன் தரப்புக் காரணமே அங்கேதான் இருந்தது. ஸ்டுடியோ தானே வெட்டியதைத் தானே திரும்ப விற்றது. வெட்டிப்போட்டதற்கும் விலை உண்டு என்று அப்போது கற்றுக்கொண்டார்கள் போல. ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் ஸ்னைடர் வடிவத்தை வெளியிடு என்று ரசிகர்கள் இரண்டரை வருடம் இணையத்தில் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக்கொடுத்த நல்லவர்களும் இருந்தார்கள். வேண்டாதவர்களைக் கடித்துக் குதறியவர்களும் இருந்தார்கள். பேச்சில் கலந்துகொண்ட கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று ஸ்டுடியோ தனக்காக எடுத்த ஓர் அறிக்கை சொன்னதாக 2022இல் ரோலிங் ஸ்டோன் எழுதியது. ரசிகர் பலத்தால்தான் அந்தப் படம் வந்தது என்பது பாதிக்கதை. அறிவிப்பு வந்தது 2020 மே 20. ஏடி அண்ட் டி தன் ஹெச்பிஓ மேக்ஸ் சேவையைத் தொடங்கியது மே 27. புதுக் கடை திறப்பு விழாவுக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது, கூட்டம் ஏற்கெனவே வாசலில் நின்றது. 7 கோடி டாலர் கூடுதலாகச் செலவழித்து 242 நிமிடப் படம் 2021 மார்ச்சில் வந்தது. பெரும்படைப்பு என்று நான் சொல்லமாட்டேன். அரை மணி நேரத்தைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம். ஆனால் ஒருவர் எடுத்த படம் என்பது ஒவ்வொரு சட்டகத்திலும் தெரியும். அது வெளியான சில நாளிலேயே, இந்தக் கதை இனித் தொடராது என்று ஸ்டுடியோ தலைவர் ஆன் சார்னோஃப் அறிவித்துவிட்டார்.

இப்போது இதன் மறுபக்கம். ‘ஜஸ்டிஸ் லீக்’ தோற்ற பிறகு 2018 தொடக்கத்தில் வால்ட்டர் ஹமாடா டிசி படங்களுக்குப் பொறுப்பேற்றார். பெரிய திட்டம் எதுவும் அறிவிக்கவில்லை. ஒரே உலகம் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். எந்த இயக்குநருக்கு என்ன கதை வருகிறதோ அதை எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஜேம்ஸ் வான் இயக்கிய ‘அக்வாமேன்’ 115 கோடி டாலர். டாட் ஃபிலிப்ஸின் ‘ஜோக்கர்’ 107 கோடி, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம், பதினொரு ஆஸ்கர் பரிந்துரைகள். மேட் ரீவ்ஸின் ‘தி பேட்மேன்’ 77 கோடி. ஸ்னைடர் காலத்தில் தொடங்கினாலும் மற்ற படங்களோடு அதிகம் ஒட்டாமல் முதல் உலகப்போர்க் காலத்தில் தனியாக நின்ற ‘வொண்டர் உமன்’ 2017இல் 82 கோடி எடுத்ததையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்குள் எந்த ஒருமையும் இல்லை. ஒன்று கடலுக்கடியில் நடக்கும் வண்ணக் கொண்டாட்டம், ஒன்று மனநோயும் குப்பைமேடுமான எண்பதுகளின் நகரம், ஒன்று மழையில் நனைந்த துப்பறியும் கதை. தெளிவான பாதை போட்டவர்களைவிட, பாதை போடாமல் விட்டவர்கள் காலத்தில்தான் டிசிக்கு நல்ல காலம்.

அதிலும் பயம் தன் கட்டணத்தை வசூலிக்காமல் விடவில்லை. ‘ஜோக்கர்’ ஆறேழு கோடி டாலரில் எடுத்த சின்னப் படம். அதற்கே வார்னர் துணிவில்லாமல் பிரான், வில்லேஜ் ரோட்ஷோ என்ற இரண்டு நிறுவனங்களைப் பங்கு சேர்த்துக்கொண்டது. நூறு கோடியைத் தாண்டி வசூலித்தபோது லாபத்தில் பெரும்பங்கு வெளியே போனது. பிறகு தைரியம் வந்து இரண்டாம் பாகத்துக்கு மூன்று மடங்கு செலவழித்தார்கள். 2024இல் அது சுமார் 20 கோடி டாலரோடு படுத்தது.

ஹமாடா காலத்தைக் கெடுத்ததும் படங்களல்ல. 2020 டிசம்பரில், அடுத்த வருடத்தின் பதினேழு படங்களும் திரையரங்கில் வெளியாகும் அன்றே ஹெச்பிஓ மேக்ஸிலும் வெளியாகும் என்று ஏடி அண்ட் டி அறிவித்தது. கொரோனா காரணம் என்றார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையும் காரணம். அந்தச் சேவைக்கென்றே சில டிசி படங்களை எடுக்கத் தொடங்கினார்கள். அவற்றில் ஒன்று ‘பேட்கேர்ள்’. ஆனால் 2022 ஏப்ரலில் ஏடி அண்ட் டி கையைக் கழுவிக்கொண்டது. டிஸ்கவரியோடு இணைந்து புது நிறுவனம் உருவானது, டேவிட் ஸாஸ்லாவ் தலைவரானார். தலையில் 5,000 கோடி டாலருக்கு மேல் கடன். 300 கோடி டாலர் செலவைக் குறைப்பதாக முதலீட்டாளர்களுக்கு வாக்கு.

‘பேட்கேர்ள்’ எடுத்து முடித்த படம். கிளாஸ்கோவில் படப்பிடிப்பு, லெஸ்லி கிரேஸ் நாயகி, மைக்கேல் கீட்டன் மறுபடி பேட்மேன், செலவு 9 கோடி டாலர் அளவில். ஆகஸ்ட் மாதம் அதை எங்கேயும் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தார்கள். முந்தைய முதலாளியின் கொள்கைப்படி எடுத்த படத்தை, முதலாளி மாறிய குறிப்பிட்ட காலத்துக்குள் நஷ்டக் கணக்கில் எழுதினால் வரியில் சலுகை கிடைக்கும். எழுதிவிட்டால் பிறகு அதை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது. இயக்குநர்கள் அடில் எல் ஆர்பியும் பிலால் ஃபல்லாவும் அப்போது அடிலின் திருமணத்துக்காக மொராக்கோவில் இருந்தார்கள். செய்தி வந்ததும், சர்வரில் இருக்கும் படத்தைச் செல்போனிலாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பிலால் உள்ளே நுழையப் பார்த்தார். அதற்குள் வழியை அடைத்துவிட்டார்கள். படம் வெளியிடும் தரத்தில் இல்லை என்று, பின்னால் டிசி படங்களின் பொறுப்புக்கு வந்த பீட்டர் சாஃப்ரன் சொன்னார். இருக்கலாம். இதைவிட மோசமான படங்களை அதே ஸ்டுடியோ பிரம்மாண்டமாக வெளியிட்டிருக்கிறது.

அடுத்து நடந்ததை, வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே வாஸ்து பார்ப்பவர் மாறிக்கொண்டே இருப்பதோடுதான் ஒப்பிட முடியும். ஒருவர் வைக்கச் சொன்ன வாசலை அடுத்தவர் செங்கல் வைத்து அடைப்பார். ‘தி ஃபிளாஷ்’ 2014 பட்டியல்படி 2018இல் வந்திருக்க வேண்டும். பல இயக்குநர்கள் வந்து போய், ஆண்டி முஷியெட்டி 2021இல் எடுத்தார். முடிவுக் காட்சி இப்படி: நாயகன் பாரி நீதிமன்றத்திலிருந்து வெளியே வருகிறான், அவனைப் பார்க்க ஒருவர் வருகிறார். வருபவர் யார் என்பதுதான் இனி இந்த உலகம் எப்படி இருக்கும் என்பதற்கு அறிகுறி. ஹமாடா காலத்தில் எடுத்ததில் கீட்டனின் பேட்மேனும் சாஷா காயேயின் சூப்பர்கேர்ளும் வந்தார்கள். கீட்டனை மூத்த பேட்மேனாக வைத்துப் புதுக் கதை தொடங்குவது அவர் திட்டம். அவருக்கு மேலே ஸ்டுடியோ தலைமைக்கு மைக்கேல் டி லூக்காவும் பமேலா ஆப்டியும் வந்ததும், அதே காட்சியில் கவிலின் சூப்பர்மேனும் கால் கடோட்டின் வொண்டர் உமனும் சேர்ந்தார்கள். பிறகு ஜேம்ஸ் கன்னும் சாஃப்ரனும் டிசி ஸ்டுடியோஸின் கூட்டுத் தலைவர்களாக வந்ததும் இவர்கள் எல்லோரும் போய், காரிலிருந்து ஜார்ஜ் க்ளூனி இறங்கினார். தொண்ணூற்றேழில் பேட்மேனாக நடித்துக் கேலிக்கு ஆளானவர். அவரை வைத்துக் கதை எதுவும் தொடரப்போவதில்லை, வெறும் சிரிப்பு. ஒரு படிக்கட்டு, ஒரு நடிகர், மூன்று நிர்வாகம், மூன்று முடிவு. ஒவ்வொரு முடிவும் அதை எடுத்தபோது நியாயமான யோசனைதான் என்பதுதான் இதில் பரிதாபம்.

‘அக்வாமேன்’ இரண்டாம் பாகத்தில் இதே கூத்து வேறு வடிவில். முதலில் கீட்டன் பேட்மேனாக ஒரு காட்சியில் நடித்தார். வெளியீட்டு வரிசை மாறி ‘தி ஃபிளாஷ்’ பின்னுக்குப் போனதும், இவர் எங்கிருந்து வந்தார் என்று மக்கள் குழம்புவார்களே என்று பென் ஆஃப்லெக்கைக் கூப்பிட்டு எடுத்தார்கள். படம் 2023 டிசம்பரில் வந்தபோது இரண்டு பேட்மேனும் இல்லை. 115 கோடி எடுத்த படத்தின் தொடர்ச்சி 44 கோடியில் நின்றது. ‘தி ஃபிளாஷ்’ 27 கோடி. ‘ஷஸாம்’ இரண்டாம் பாகமும் ‘ப்ளூ பீட்டில்’ படமும் ஆளுக்குச் சுமார் 13 கோடி. நான்கும் ஒரே வருடம். இந்த உலகம் முடிந்தது, புதிதாகத் தொடங்கப்போகிறோம் என்று ஜனவரியிலேயே அறிவித்துவிட்டு, பழைய உலகத்தின் கடைசி நான்கு படங்களுக்கு டிக்கெட் விற்க முயன்றார்கள். நாயகனாக நடித்த எஸ்ரா மில்லரின் கைதுகள் ‘தி ஃபிளாஷ்’ படத்தைப் பாதித்தது உண்மைதான். மற்ற மூன்றுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கவிலுக்கு நேர்ந்தது தனிக்கதை. ‘பிளாக் ஆடம்’ கடைசியில் அவரை ஒரு நிமிடம் காட்ட அதன் நாயகன் ட்வெய்ன் ஜான்சன் நிர்வாகத்தில் ஆள்விட்டுச் சாதித்தார். 2022 அக்டோபர் 24 அன்று, சூப்பர்மேனாகத் திரும்பிவிட்டேன் என்று கவில் இன்ஸ்டாகிராமில் மகிழ்ச்சியோடு அறிவித்தார். மறுநாள் கன்னும் சாஃப்ரனும் நியமிக்கப்பட்ட செய்தி வந்தது. டிசம்பர் 14 அன்று, இனி நான் இல்லை என்று அதே இடத்தில் எழுதினார்.

ஒரே தலைவர் இருந்தால் இதெல்லாம் நடக்காது என்பவர்கள் மார்வெலைக் காட்டுவார்கள். ஃபைகி 2007 முதல் அங்கே இருக்கிறார், டிஸ்னி 400 கோடி டாலருக்கு வாங்கிய பிறகும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. 2008 முதல் 2019 வரை ஓடிய ஓட்டத்துக்கு அது பெரிய காரணம். ஆனால் டிஸ்னி பிளஸ் சேவைக்குத் தீனி போட வேண்டும் என்று முதலாளி கேட்டபோது ஃபைகியாலும் தொடர்களைக் குவிக்காமல் இருக்க முடியவில்லை. அளவு கூடியதால் கவனம் சிதறியது என்று அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரே ஒப்புக்கொண்டார். 2023இல் ‘தி மார்வெல்ஸ்’ 20 கோடியில் முடங்கியது. ஜோனதன் மேஜர்ஸ் நடித்த காங் பாத்திரத்தை மையமாக வைத்து அடுத்த அவெஞ்சர்ஸ் கதை முழுவதையும் கட்டியிருந்தார்கள். அவர் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானதும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, ராபர்ட் டௌனி ஜூனியரை டாக்டர் டூமாகத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2019இல் அறிவித்த ‘பிளேட்’ இயக்குநர்களை மாற்றி மாற்றி இன்னும் எடுக்கப்படவில்லை. சோனியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை: ஸ்பைடர்மேன் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்பைடர்மேன் இல்லாத ஸ்பைடர்மேன் படங்களை எடுத்தது. ‘மோர்பியஸ்’ படத்தை இணையத்தில் எல்லோரும் கேலி செய்ததை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு 2022 ஜூனில் ஆயிரம் திரையரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். மூன்று லட்சம் டாலர் கிடைத்தது.

ஜேம்ஸ் கன் டிசிக்கு வந்ததே இன்னொரு ஸ்டுடியோவின் தடுமாற்றத்தால்தான். பழைய ட்விட்டர் பதிவுகளுக்காக 2018 ஜூலையில் டிஸ்னி அவரை நீக்கியது. சில மாதத்தில் வார்னர் கூப்பிட்டுக்கொண்டது. அடுத்த மார்ச்சில் டிஸ்னி மனம் மாறித் திரும்பக் கூப்பிட்டது. அதற்குள் அவர் இங்கேயும் ஒரு காலை வைத்துவிட்டார். 2023 ஜனவரி 31 அன்று அவரும் ஒரு பட்டியல் வாசித்தார்: ஐந்து படம், ஐந்து தொடர். பழைய குருடி கதவைத் திறடி என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்கிரிப்ட் முடியாமல் எதையும் எடுப்பதில்லை என்ற விதியை வைத்திருக்கிறார். அனுமதி கொடுத்த ஒரு படத்தையே ஸ்கிரிப்ட் சரியில்லை என்று நிறுத்தியிருக்கிறார். ‘தி அத்தாரிட்டி’ ஓரங்கட்டப்பட்டுவிட்டது, புது பேட்மேன் படம் இன்னும் எழுத்தில்தான் இருக்கிறது. பட்டியல் சுருங்கிக்கொண்டே போவதைத் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். 2014 பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இது நல்ல அறிகுறி. அதே சமயம், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குவதாகச் சொன்னவர் தான் உருவாக்கிய ‘பீஸ்மேக்கர்’ தொடரை மட்டும் துடைக்காமல் வைத்துக்கொண்டார்.

டேவிட் கோரன்ஸ்வெட் நடித்து 2025 ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ 61 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ அதைவிட அதிகம் எடுத்தது. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் அமெரிக்காவில் புதுப்படம் 35 கோடி, பழையது 29 கோடி. குறைந்தது வெளிநாட்டில்: 38 கோடி அளவில் இருந்தது 26 கோடி ஆகிவிட்டது. கன்னின் சூப்பர்மேன் சிரிக்கிறான், நாய் வளர்க்கிறான், அடி வாங்குகிறான். உள்ளூரில் அவனை மறுபடி பிடித்துப்போயிற்று. வெளிநாட்டு ரசிகர்கள் திரும்பி வரவில்லை. பத்து வருடக் குழப்பத்தில் அவர்களுக்குச் சலிப்புத் தட்டியதா, அமெரிக்க நாயகர்கள் மீதே ஈடுபாடு குறைந்ததா என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்றாவது படம் வேண்டும். அதற்கு அதே ஆட்கள் நாற்காலியில் இருக்க வேண்டும்.

அங்கேதான் கணக்கு மறுபடி இடிக்கிறது. 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸும் பாரமவுண்டும் வார்னரை வாங்கப் போட்டிபோட்டன. யார் கைக்குப் போனாலும், 2014இல் மர்டாக்கை மறுத்து நின்ற டைம் வார்னரிலிருந்து எண்ணினால் சூப்பர்மேனுக்கு அது நான்காவது முதலாளி. கன்னின் ‘மேன் ஆஃப் டுமாரோ’ படத்துக்கு 2027 ஜூலை என்றும், அந்த உலகத்தோடு ஒட்டாத ரீவ்ஸின் இரண்டாவது பேட்மேனுக்கு அதே ஆண்டு அக்டோபர் என்றும் தேதி குறித்திருக்கிறார்கள்.